பனிக்காலத்தில் வாடகை ஆர்வி: சூட்டுக்குக் குறையில்லை, தண்ணீர்தான் தகராறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டி நல்ல வண்டி. வாடகைக்குக் கொடுத்தவர்களைப் பற்றித்தான் அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போடுகிறேன், வண்டிக்கு மட்டும் என்றால் தாராளமாக நான்கு. நிறுவனத்தின் பெயர் போடப்போவதில்லை, ஏனென்றால் கோடைக்கென்று வண்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு குளிர்காலத்திலும் அதையே வாடகைக்கு விடுகிற எந்த இடத்திலும் இது நடக்கலாம். பனிக்காலத்தில் ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டி) எடுக்கப்போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "உள்ளே குளிராதா?" என்பதுதான். குளிராது. வெளியே மைனஸ் பத்து இருக்கும்போது உள்ளே டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டியில் தண்ணீர் எந்தெந்த வழியாகப் போகிறது, அந்த வழி முழுக்கச் சூடு போகிறதா? இதற்கு வாடகைக்கு விடுகிறவர் தடுமாறாமல் பதில் சொன்னால் வண்டியை எடுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, போன இடத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், மாமனார், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். வண்டி 7 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், டீசல், ஓட்டுகிற இடத்துக்கு மேலே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை, பின்னால் குறுக்காக ஒரு பெரிய படுக்கை, நடுவில் சாப்பாட்டு மேஜையை இறக்கினால் இன்னொன்று. மாமனாருக்குப் பின்படுக்கை, ராத்திரி எழுந்தால் கழிப்பறை இரண்டடியில் இருக்கிறது என்பதால். பையன் அவரோடு. பெண் மேஜைப் படுக்கையில், நாங்கள் இருவரும் மேலே. இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் யாரும் சொல்லாதது: மேலே படுக்கிறவர்களுக்கு வேர்க்கும், கீழே படுக்கிறவர்களுக்குக் கால் குளிரும். சூடான காற்று மேலே ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. தெர்மோமீட்டர் 21 காட்டினாலும் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. உல்லன் சாக்ஸ் இல்லாமல் போகாதீர்கள், அவ்வளவுதான்.

ஹீட்டர் கேஸில் ஓடுவது. கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்கி ஃபேன் வைத்துக் குழாய்கள் வழியாக வண்டி முழுக்கத் தள்ளுகிறது, அதே பெட்டிக்குள்ளேயே குளிக்கிற வெந்நீரும் தயாராகிறது. எரிந்த புகை தனிக் குழாயில் வெளியே போய்விடும். பிளக் செருக இடம் கிடைத்தால் மின்சாரத்திலும் ஓடும், ஆனால் மின்சாரத்தில் கிடைப்பது அதிகபட்சம் 1.8 கிலோவாட், கடும் குளிருக்கு அது காணாது, கேஸையும் சேர்த்துத்தான் போட வேண்டும். வேலையில் குறையே சொல்ல முடியாது. அரைமணி நேரத்தில் ஜில்லென்று இருந்த வண்டி உட்காரும்படி ஆகிவிடும். சத்தம் உண்டு. முதல் ராத்திரி மாமனார், "ஏம்மா, இந்த ஃபேன் விடிய விடிய இப்படித்தான் கத்துமா?" என்றார். ஆமாம் மாமா, கத்தும். அதில் ராத்திரி முறை ஒன்று இருக்கிறது, ஃபேன் வேகம் குறையும், சூடும் குறையும். அதைப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு போர்வை அதிகம் போர்த்திக்கொண்டோம். ஹீட்டரை மொத்தமாக அணைத்துவிட்டுத் தூங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது நமக்காக மட்டும் ஓடவில்லை, குழாய்களுக்காகவும்தான் ஓடுகிறது.

இப்போது தண்ணீர். வண்டியை எடுத்த அன்றே தகராறு ஆரம்பித்துவிட்டது. பனியில் வெளியே நிறுத்தி வைத்திருந்த வண்டி, உள்ளேயும் வெளியே இருக்கிற அதே குளிர். அங்கேயே குழாய் இருக்கிறது, டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள் என்றார்கள். நிரப்பி, பம்ப்பைப் போட்டால், பம்ப் நிற்காமல் ஓடுகிறது, குழாயில் காற்றுதான் வருகிறது, பையன் வெளியிலிருந்து கத்துகிறான், "அம்மா, வண்டி ஒண்ணுக்குப் போகுது!" எட்டிப் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஒரு சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்படைக்க வந்த பையன், கசிவு போலிருக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன் என்று போனவன்தான். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். மனிதர் வாழ்க்கையில் எதை வாங்கினாலும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர், நாங்கள் எல்லாம் அதைக் கிண்டல் செய்வோம். கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். வெந்நீர்ப் பெட்டியோடு உறைபனிக்கான பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் வெப்பம் 3 டிகிரிக்குக் கீழே போனால் அது தானாகத் திறந்து, பெட்டியில் இருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியே விட்டுவிடும். உள்ளே தண்ணீர் உறைந்தால் பெட்டி வெடித்துவிடும் என்பதற்காக. மறுபடி மூட வேண்டுமென்றால் சுமார் 7 டிகிரிக்கு மேலே வந்திருக்க வேண்டும், அதுவரை குமிழை எத்தனை தடவை அழுத்தினாலும் நிற்காது, துள்ளி வெளியே வந்துவிடும்.

ஆக, முதலில் ஹீட்டரைப் போட்டு வண்டியை நன்றாகச் சூடாக்க வேண்டும், அப்புறம் பின்படுக்கைக்கு அடியில் கையை விட்டு அந்தக் குமிழைத் திருப்பி அழுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். இந்த மூன்று வரியைச் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நாங்கள் ஒரு டேங்க் தண்ணீரைத் தரையில் விட்டு, அது கண்ணெதிரே பனிக்கட்டியாக மாறி, அதில் மெக்கானிக் வழுக்கி, இருட்டிய பிறகுதான் கிளம்பினோம். சிலர் இந்த வால்வு திறக்காமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வைப்பார்களாம். செய்யாதீர்கள். அது திறப்பது நமக்குத் தொல்லையாக இருந்தாலும் காப்பாற்றுவது அதுதான், வெந்நீர்ப் பெட்டி வெடித்தால் அதற்கான செலவு உங்கள் முன்பணத்தோடு நிற்காது.

நல்ல தண்ணீர் டேங்க் இந்த வண்டியில் உள்ளேயே, இருக்கைக்கு அடியில் இருக்கிறது, பக்கத்திலேயே சூடான காற்றுக் குழாய் போகிறது, அதனால் அது ஒருநாளும் உறையவில்லை. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் போய்ச் சேரும் கழிவு டேங்க்தான் பிரச்சினை. அது வண்டிக்கு அடியில், வெட்டவெளியில் தொங்குகிறது. வாடகைப் பக்கத்தில் 'நான்கு பருவத்துக்கும் ஏற்ற வண்டி' என்று போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பியத் தரநிலையில் இதற்கென்று ஒரு சோதனையே இருக்கிறது, இஎன் 1646 என்று பெயர். அதில் 3ஆம் நிலை என்றால் வெளியே மைனஸ் 15 இருக்கும்போது உள்ளே 20 டிகிரிக்குக் கொண்டுவர முடிகிறதா, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஆக, வண்டி எந்தச் சோதனையில் தேறியது என்று கேட்கலாம், தப்பில்லை. கேட்டாலும் கழிவு டேங்கைக் குனிந்து பார்க்காமல் விடாதீர்கள். இரட்டைத் தரை வைத்த வண்டிகளில் எல்லா டேங்குகளும் இரண்டு தரைக்கும் நடுவே சூட்டில் இருக்கும். கனம் அதிகம், வாடகையும் அதிகம், ஆனால் இந்தத் தலைவலி இல்லை.

எங்கள் வண்டியின் கழிவு டேங்குக்கு ஒரு மின்சார ஹீட்டர் உண்டு என்று காகிதத்தில் இருந்தது. சுவிட்ச் எங்கே? அலமாரிக் கதவுக்குப் பின்னால், கோட்டு மாட்டும் கொக்கிக்குக் கீழே, எந்த அடையாளமும் இல்லாமல். அதைக் கண்டுபிடிப்பதற்குள் டேங்கின் வாய் உறைந்துவிட்டது. அதற்கப்புறம் ஊரெல்லாம் செய்கிறதையே நாங்களும் செய்தோம்: வால்வைத் திறந்தே வைத்து, அடியில் ஒரு வாளியை வைத்துவிடுவது. டேங்கில் தேங்காமல் நேராக வாளியில் விழும், காலையில் சோப்பு வாசனையோடு வட்டமாக ஒரு கட்டி கிடைக்கும், அதைக் கழிவு கொட்டும் இடத்தில் கொண்டுபோய்த் தட்ட வேண்டியதுதான். ரப்பர் வாளியாக வாங்குங்கள், பிளாஸ்டிக் வாளி ஒரே ராத்திரியில் விரிசல் விடும், ரப்பரை நெளித்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பையனுக்கு அது தினசரி வேலை ஆகிப்போனது, வேறு யாராவது தட்டிவிட்டால் அழுகை. தண்ணீரைத் தரையில் விடாதீர்கள். அசிங்கம் என்பது ஒருபுறம் இருக்க, அடுத்த நாள் வண்டியை எடுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் கண்ணாடி மாதிரி நிற்பது அதுதான்.

உறைவைத் தடுக்கும் திரவம் ஊற்றலாமா என்றால் ஊற்றலாம், ஆனால் ஆர்விக்கென்று விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் வகையை மட்டும். இன்ஜினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதை வண்டியின் தண்ணீர்க் குழாய் பக்கமே கொண்டுவரக் கூடாது, குழந்தைகள் இருக்கிற வண்டியில் சொல்லவே வேண்டாம்.

கழிப்பறை பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி மாதிரி உருவி எடுக்கிற வகை, அந்தப் பெட்டி இருக்கும் அறைக்குள் கொஞ்சம் சூடு வருகிறது, உறையவில்லை. ஃபிளஷ் தண்ணீர் மட்டும் சிக்கனமாக விட வேண்டும். ஐந்து பேருக்கு அந்தப் பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடும், அதைக் காலி செய்கிற இடம் பனியில் மூடிக் கிடக்கிறதா திறந்திருக்கிறதா என்று முதலிலேயே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆர்விகளை நிறுத்தித் தங்கும் முகாம்களில் கோடையில் திறந்திருப்பவை பல குளிர்காலத்தில் குழாயை அடைத்துவிடுகிறார்கள். 'திறந்திருக்கிறது' என்று போட்டிருப்பார்கள், போனால் நிறுத்த இடம் உண்டு, மின்சாரம் உண்டு, தண்ணீர் கிடையாது.

கேஸ் விஷயத்தில் நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும், இரண்டு சிலிண்டரும் சுத்தமான புரோப்பேன். இது ஏன் பெரிய விஷயம் என்றால், புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும், பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே நின்றுவிடும். இரண்டும் கலந்த சிலிண்டரைப் பனியில் வைத்தால் புரோப்பேன் முதலில் தீர்ந்து, பியூட்டேன் திரவமாக அடியில் தங்கிவிடும். தூக்கிப் பார்த்தால் கனக்கும், அடுப்பு பற்றாது. எவ்வளவு செலவாகும் என்று நானே கணக்குப் போட்டேன். ஒரு கிலோ புரோப்பேனில் சுமார் 13 கிலோவாட் மணி சூடு இருக்கிறது. ஹீட்டர் நாள் முழுக்கச் சராசரியாக 2 கிலோவாட் ஓடினால் 48 கிலோவாட் மணி, அதாவது நாளுக்குச் சுமார் 3.7 கிலோ. 11 கிலோ சிலிண்டர் என்றால் மூன்று நாள்தான். கோடையில் வெறும் சமையலுக்கு அதே சிலிண்டர் வாரக்கணக்கில் வரும், அந்த நினைப்பில் கிளம்புகிறவர்கள் நடுராத்திரி குளிரில் எழுந்திருப்பார்கள். எங்கள் வண்டியில் ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் அடுத்ததற்குத் தானாக மாறிக்கொள்ளும் கருவி இருந்தது, சின்ன வட்டத்தில் பச்சை சிவப்பு ஆகும், அவ்வளவுதான் தெரியும். இது இல்லாத வண்டியைக் குளிர்காலத்தில் எடுக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சிலிண்டர் மாற்ற வெளியே போகப்போவது யார் என்கிற பேச்சுவார்த்தை எந்தக் குடும்பத்துக்கும் நல்லதில்லை.

அடுத்தது ஈரம். குளிரை விடவும் இதுதான் அதிகம் படுத்தியது. ஒருவர் தூங்கும்போது மூச்சிலும் வேர்வையிலும் ஒரு ராத்திரிக்குக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். ஐந்து பேர் என்றால் ஒரு லிட்டருக்கு மேல். அடுப்பு வேறு, ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலே தண்ணீர் நீராவியாக வருகிறது, இது வேதியியல், ஏமாற்ற முடியாது. ஹீட்டரின் புகை வெளியே போகிறது, அடுப்பின் ஆவி நம்மோடுதான் இருக்கிறது. இதெல்லாம் எங்கே போய் உட்காரும்? எது ஜில்லென்று இருக்கிறதோ அங்கே. வீட்டுப் பகுதி ஜன்னல்கள் இரட்டை அக்ரிலிக், அவை பரவாயில்லை. ஓட்டுகிற இடத்தின் கண்ணாடி ஒற்றை, காலையில் அதன் உள்பக்கம் சுரண்ட வேண்டியிருக்கும். அதற்கு உள்ளே மாட்டும் வெள்ளி நிறத் திரை கொடுத்திருந்தார்கள், அது பாதி வேலைதான் செய்யும், திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் பிடித்து அங்கேயே உறைகிறது. வெளியே போர்த்துகிற கனமான உறை இருந்தால் கண்ணாடியே ஜில்லிடாது. கேட்டேன், அது தனி வாடகையாம். கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பயணத்தில் அதைவிட உபயோகமான பொருள் கிடையாது.

மேல்படுக்கையில் மெத்தைக்கு அடியிலும் ஈரம் கோத்துவிடும். தினமும் காலையில் மெத்தையை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து வைத்தால் காய்ந்துவிடும், இரண்டு நாள் விட்டால் வாசனை வரும். மேற்கூரை ஜன்னலை ஒரு விரல் அளவுக்காவது திறந்து வையுங்கள், ஹீட்டர் போட்டுவிட்டு ஜன்னலைத் திறப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், திறக்கத்தான் வேண்டும். தரையில் இருக்கும் காற்று ஓட்டைகளை மிதியடி போட்டு மூடாதீர்கள். அவை சோம்பேறித்தனமாக விட்ட ஓட்டைகள் இல்லை, புரோப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கி வெளியேற வழி வேண்டும். ஹீட்டரின் புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் ராத்திரியும் ஒருவர் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று வண்டியை எடுக்கும்போதே அழுத்திப் பாருங்கள். எங்கள் வண்டியில் அது வேலை செய்தது. அதன் தேதியும் முடியவில்லை. இந்த ஒன்றில் நிறுவனத்துக்கு முழு மார்க்.

குழந்தைகளின் ஈர உடைகளுக்குக் குளியலறைதான் புகல். அங்கே ஹீட்டரின் ஒரு வாய் இருக்கிறது, கதவைச் சாத்திவிட்டால் கையுறை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் காலைக்குள் காய்ந்துவிடும். அதனால் ராத்திரி குளியல் கிடையாது, காலையில்தான், அதுவும் ஆளுக்கு இரண்டு நிமிடம், தண்ணீரைத் திறந்து மூடித் திறந்து. பத்து வயதுப் பெண்ணுக்கு இது பெரிய கொடுமை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டி, ஐந்து பேரும் ஒரே மேஜையைச் சுற்றி ராத்திரி வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதையும் வாடகைப் பக்கத்தில் யாரும் போடுவதில்லை. எங்களுக்கு அது ஒத்துப்போனது, மாமனாரிடம் சீட்டு விளையாடக் கற்றுக்கொண்டு பெண் அவரையே தோற்கடிக்க ஆரம்பித்தாள். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குள் ஏற்கெனவே முறைப்பு இருந்தால் கோடையிலேயே போய்விடுங்கள், வெளியே நாற்காலி போட்டு ஒருவரைத் தள்ளி உட்கார வைக்கலாம்.

பேட்டரி. ஹீட்டர் கேஸில் ஓடினாலும் அதன் ஃபேனும் பம்ப்பும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பேட்டரி தீர்ந்தால் கேஸ் நிறைய இருந்தும் சூடு நின்றுவிடும். ஈய அமில பேட்டரியாக இருந்தால் கடும் குளிரில் அதன் கொள்ளளவு கணிசமாகக் குறையும், லித்தியம் வகையாக இருந்தால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, அதனால் அது வண்டிக்குள் சூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களது இருக்கைக்கு அடியில் இருந்தது, சரி. கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார்கள். தாழ்ந்த சூரியன், குறைந்த பகல், மேலே ஒரு சாண் பனி. அந்தத் தகட்டிலிருந்து போனுக்குக் கூட சார்ஜ் வந்திருக்குமா என்பது சந்தேகம். ஒரு ராத்திரி பிளக் இல்லாத இடத்தில் என்றால் அடுத்த ராத்திரி பிளக் இருக்கிற இடத்தில் என்று மாற்றி மாற்றித் தங்கினோம், அது சரியாக வந்தது. பிளக் ஒயரைத் தரையில் கிடத்தாதீர்கள், பனியோடு சேர்ந்து உறைந்தால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஓட்டுவது பற்றிக் கணவரைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார், சுருக்கமாகச் சொல்கிறேன். காரை ஓட்டுகிற கையோடு இதை ஓட்ட முடியாது. நிறுத்த நீண்ட தூரம் வேண்டும், பக்கக் காற்று அடித்தால் முழு வண்டியும் நகரும், பாலங்கள் ரோட்டுக்கு முன்னாலேயே உறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பாலத்துக்கு முன்னும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். டயரில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் (ஸ்னோஃப்ளேக்) போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் பனியில் சோதித்துத் தருவது. வெறும் எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்பது டயர் செய்கிறவரே சோதனை இல்லாமல் போட்டுக்கொள்ளக்கூடியது. எங்கள் வண்டியில் முத்திரை இருந்தது. பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி இருந்த பையை மட்டும் கணவர் அங்கேயே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், அவர்களுக்கு முகம் சுருங்கியது. பிரித்தால் சங்கிலி வேறு அளவு டயருக்கானது. மலைப்பாதையில் பனிப்புயலில் இதைக் கண்டுபிடித்திருந்தால்? மாற்றிக் கொடுத்தார்கள், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. இன்னொன்று, சங்கிலி ஓட்டும் சக்கரத்துக்குத்தான் போட வேண்டும், உங்கள் வண்டியை இழுப்பது முன்சக்கரமா பின்சக்கரமா என்று தெரிந்துகொள்ளுங்கள், வாடகை வண்டியில் இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

டயர் காற்றையும் பாருங்கள். இந்த வண்டிகளில் அழுத்தம் காரைவிட மிக அதிகம், வெப்பம் 10 டிகிரி இறங்கினால் 3 பிஎஸ்ஐ வரை குறையும். டீசல் பனிப்பகுதிக்குப் போன பிறகு அங்கேயே ஒருமுறை நிரப்புங்கள், அங்கே விற்பது குளிர்கால டீசல், சமவெளியில் நிரப்பிக்கொண்டு போனது குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். நிறுத்தும்போது கை பிரேக்கைப் போட்டுவிட்டுப் போனால் அது அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளலாம், சமதளத்தில் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், டயருக்கு அடியில் பலகைத் துண்டு போட்டால் சூடான டயர் பனியை உருக்கி ராத்திரியில் ஒட்டிக்கொள்வது நடக்காது. கிளம்பும் முன் கூரைப் பனியைத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் முதல் பிரேக்கில் அது முழுவதும் முன் கண்ணாடிக்கு வரும், அல்லது பின்னால் வருகிறவர் மேல் விழும். இதற்கு ஏணியும் நீளமான துடைப்பமும் வேண்டும், வண்டியில் இரண்டும் இல்லை, முகாமில் கடன் வாங்கினோம்.

சேவைக்கு ஏன் மார்க் குறைத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை எங்களிடம் ஒப்படைக்கும்போது அந்த நிறுவனத்துப் பையன் சொல்லிக்கொடுத்ததில் பாதி நேரம் டிவிக்கும் வெயில் கூரைக்கும் போயிற்று. வெளியே பனி கொட்டுகிறது, அவன் வெயில் கூரையை எப்படி விரித்துக் கால் ஊன்றுவது என்று விளக்குகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கையில் கொடுத்த பட்டியல் கோடைக்கானது. உறைபனி வால்வு, கழிவு டேங்க் சுவிட்ச், கண்ணாடி உறை, எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அவசர எண் ராத்திரியிலும் எடுத்தார்கள், மரியாதையாகவும் பேசினார்கள், ஆனால் எதைக் கேட்டாலும் பதில் "கையேட்டில் இருக்கும் பாருங்கள்" என்பதுதான். அதற்கு மாமனாரே இருக்கிறாரே, உங்களுக்கு எதற்கு போன்?

திருப்பிக் கொடுத்தபோது கழிவு டேங்கின் அடியில் ஒரு பனிப் படலம் மிச்சம் இருந்தது என்று முன்பணத்தில் பிடித்தம் செய்யப் பார்த்தார்கள். வண்டியை எடுத்தபோது வாங்கிய ஒப்படைப்புத் தாளை எடுத்துக் கணவர் மேஜையில் வைத்தார், அதில் அந்த ஹீட்டர் சுவிட்ச்சைக் காட்டியதாக எங்கேயும் கையெழுத்து இல்லை. சங்கிலி அளவு தவறாக இருந்ததை எடுத்த போட்டோவும் போனில் இருந்தது. மேலாளர் உள்ளே போய்விட்டு வந்து, சரி விடுங்கள் என்றார். முழுப் பணமும் வந்தது, தாமதமாக. அதனால் அந்தத் தாளில் குளிர்கால விஷயங்கள் ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லி, செய்து காட்டச் சொல்லி, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அவசரப்படுத்தினால் ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். வண்டி 7 டிகிரிக்கு வர எப்படியும் நேரம் ஆகும்.